பேலடினுக்கும் டில்லனுக்கும் ஒரே மியூசிக்

ஹேவ் கன் வில் டிராவல், கன்ஸ்மோக், ரெண்டும் பழைய அமெரிக்க கௌபாய் டிவி சீரியல். முதல்லது சில எபிசோட் பாத்துட்டு கையோட கன்ஸ்மோக் போடுங்க, ஆனா கண்ண மூடிட்டு கேளுங்க. வசனம் வர்ற வரைக்கும் எந்த சீரியல் ஓடுதுன்னு சொல்றது ரொம்ப கஷ்டம். ஒருத்தன் இருட்டுல குதிரை லாயத்துக்குள்ள பதுங்கி நுழைஞ்சா அங்கயும் அதே அடித்தொண்டை பிராஸ் (டிரம்பெட், டிராம்போன் வகையறா), இங்கயும் அதே. வெட்டவெளியில குதிரை தனியா நடந்து போனா அதே ரெண்டு மூணு நோட்டு, சுத்தி சுத்தி. ஹேவ் கன் ஹீரோ பேலடினும் கன்ஸ்மோக் ஹீரோ மார்ஷல் டில்லனும் ஒரே ஆர்கெஸ்ட்ராவ வாடகைக்கு எடுத்து பங்கு போட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு இந்த காது பழகினதுக்கு காரணம் எங்க மாமனார். டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல வீடு. சாப்பாடு முடிஞ்சா டிவிடி பெட்டிய திறந்துருவாரு, காது கொஞ்சம் மந்தம், சவுண்ட் பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் போகும். நான் கிச்சன்ல பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பேன், படம் தெரியாது, சத்தம் மட்டும் தான். அவங்க தலைமுறை இந்த சீரியல்கள அது வந்த காலத்துல பாக்கவே இல்ல, ஏன்னா சவுத் ஆப்ரிக்காவுக்கு டிவி முறைப்படி வந்ததே 1976 ஜனவரி 5 தான், கன்ஸ்மோக் அமெரிக்காவுல 20 சீசன், 635 எபிசோட் ஓடி 1975-லயே முடிஞ்சு போச்சு. அதுவரைக்கும் கௌபாய்னா கிரே ஸ்ட்ரீட் பக்கம் பயாஸ்கோப் தான். அந்த ஏக்கத்த இப்ப வட்டியோட தீத்துக்கறாரு மனுஷன்.

சரி விஷயத்துக்கு வர்றேன். இந்த ரெண்டு சீரியலும் சிபிஎஸ்ங்கற அமெரிக்க டிவி கம்பெனியோடது. அங்க மியூசிக் டிபார்ட்மெண்ட்டுக்கு தலை லட் க்ளஸ்கின்னு ஒருத்தர். அவர்கிட்ட ஒரு பெரிய மியூசிக் லைப்ரரி இருந்துச்சு. எந்த எபிசோடுக்காகவும் இல்லாம, "சஸ்பென்ஸ்", "பாலைவனம்", "சண்டை" அப்படிங்கற மூடுக்காக மட்டும் முன்கூட்டியே எழுதி ரெக்கார்ட் பண்ணி வெச்ச சின்ன சின்ன துண்டுங்க, கூடவே ஏற்கனவே ஏதோ ஒரு எபிசோடுக்கு எழுதினதும் அதே கிடங்குக்குள்ள போயிரும். 1957 வாக்குல அதுக்கு எழுதிக் கொடுத்தவர் யாருன்னா பெர்னார்ட் ஹெர்மன். ஆமா, ஹிட்ச்காக்கோட சைக்கோ படத்துக்கு வெறும் வயலின் குடும்பத்த வெச்சே ஊர நடுங்க வெச்ச அதே ஹெர்மன். வெஸ்டர்ன் சூட், டெசர்ட் சூட், அவுட்டர் ஸ்பேஸ் சூட்னு (சூட்னா இசைத் தொகுப்பு) செட் செட்டா எழுதியிருக்காரு. ஹேவ் கன் ஆரம்பத்துல, இடுப்பு உறையில செஸ் குதிரை சின்னத்தோட பேலடின் துப்பாக்கிய உருவும்போது வருமே, அந்த முரட்டு டைட்டில் மியூசிக்கும் அவரோடது தான். முதல் எபிசோடுக்கு அவர் எழுதினத அதுக்கப்புறம் வருஷக்கணக்கா வெட்டி ஒட்டி ஓட்டினாங்க.

ஏன் இப்படின்னா, முதல்ல காசு, அப்புறம் நேரம். அரை மணி நேர சீரியல், சீசனுக்கு 39 எபிசோட், வாரா வாரம் புதுசா ஆர்கெஸ்ட்ராவ உக்கார வெக்க யாரால முடியும். அது போக, மியூசிஷியன்ஸ் யூனியன் டிவி படத்துக்கு சம்பளம் மட்டும் போதாது, வருமானத்துல 5 சதவீதம் டிரஸ்ட் ஃபண்டுக்கு வேணும்னு அம்பதுகள்லயே பிடிவாதமா நின்னுச்சு. தயாரிப்பாளருங்க சும்மா இருப்பாங்களா, ஐரோப்பாவுல போய் ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சாங்க, இல்லன்னா ஏற்கனவே இருக்கறத திரும்ப எடுத்தாங்க. யூனியன் கேட்டது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு தடவை வாசிச்சத நூறு தடவை ஓட்டுனா வாசிச்சவனுக்கு கோவம் வராதா. 1958-ல சினிமா ஸ்டுடியோக்கள்லயும் ஸ்டிரைக் வந்து, வெர்டிகோ படத்துக்கு ஹெர்மன் எழுதின மியூசிக்கயே லண்டன்லயும் வியன்னாவுலயும் வேற ஒருத்தர் கண்டக்ட் பண்ணி ரெக்கார்ட் பண்ண வேண்டியதாப் போச்சு.

நிறைய பேரு இத "சோம்பேறித்தனம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. எனக்கு அப்படித் தோணல. ஹெர்மன் நீளமான மெட்டு எழுதற ஆளே இல்ல. ரெண்டு பார், மூணு பார் (பார்னா ஒரு தாளச் சுத்து மாதிரி), அதையே வாத்தியம் மாத்தி திரும்ப. முதல்ல கிளாரினெட், அப்புறம் அதே அடைச்ச டிராம்போன், அப்புறம் ஹார்ப். அதனால எந்த இடத்துல கத்திரி போட்டாலும் ரத்தம் வராது. மெலடியா எழுதற ஆளுங்க மியூசிக்க நடுவுல வெட்டினா பாதி வாக்கியத்துல வாய பொத்தின மாதிரி இருக்கும், இவரோடது எங்க நின்னாலும் நின்ன இடம் தான் முடிவு. அத எங்க ஆரம்பிக்கணும், எந்த பார்வையில நிறுத்தணும்னு முடிவு பண்ற மியூசிக் எடிட்டர் இருக்காரே, அவரும் பாதி இசையமைப்பாளர் தான், என்ன, டைட்டில்ல பேரு கண்ண மூடி திறக்கறதுக்குள்ள போயிரும்.

ட்விலைட் ஜோன்ங்கற மர்ம சீரியலுக்கும் இதே கிடங்குல இருந்து தான் அள்ளினாங்க. உலகமே வாயால பாடிக் காட்டுற அந்த நாலு நோட்டு கிடார் டைட்டில் கூட மாரியஸ் கான்ஸ்டன்ட்ங்கற இசையமைப்பாளர் லைப்ரரிக்குன்னு எழுதின ரெண்டு தனித்தனி துண்ட சேத்து ஒட்டினது தான். ஒட்டு வேலைன்னு யாராவது கண்டுபிடிச்சாங்களா?

மாமாகிட்ட இதெல்லாம் ஆர்வமா சொன்னேன். அவரு ரிமோட்ட கீழ வெக்காமலே பாதி இங்கிலீஷ்ல பாதி தமிழ்ல, "என்ன மாப்ள இது புதுசு, எங்க கூத்துல எந்த ராஜா திரைக்கு பின்னாடி வந்து நின்னாலும் அதே மத்தளம் தான், மத்தளத்த வெச்சு தான் ராஜா வர்றான்னே தெரியும்"னாரு. சின்ன வயசுல விடிய விடிய தெருக்கூத்து பாத்தவரு, இங்க அத சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல எனக்கு பேச்சு இல்ல. யோசிச்சா அது தான் சரி, அந்த பிராஸ் வந்துச்சுன்னா எவனோ ஒளிஞ்சிருக்கான், பாக்குறவனுக்கு அது போதும்.

ஆனா எல்லா இடத்துலயும் இது எடுபடாது. காமெடிக்கு போடற துண்டு ரெண்டாவது தடவையே கடுப்பாகும், குடிகாரன் தடுமாறி விழுந்தா அதே பசூன் கிண்டல், போதும்டா சாமி. அந்த காலத்துல வாரத்துக்கு ஒண்ணு, ரெக்கார்ட் பண்ணி வெக்க வழியில்ல, போன வாரம் கேட்டது யாருக்கு ஞாபகம் இருக்கும். நம்மள மாதிரி ஒரே ராத்திரியில நாலு அஞ்சு பாப்பாங்கன்னு அந்த எடிட்டருக்கு எப்படி தெரியும்.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. பல கிடங்குல இருந்து மியூசிக் எடுத்தா பல பேருக்கு உரிமை. ஃப்யூஜிட்டிவ்னு ஒரு சீரியல், வெஸ்டர்ன் இல்ல, ஆனா இதே பழக்கம் தான், 2008-ல அதோட டிவிடி வந்தப்ப பழைய மியூசிக்க எடுத்துட்டு புதுசா சிந்தசைசர்ல போட்டு விட்டாங்க. ரசிகருங்க கொதிச்சு போய் சண்ட போட்டு, அப்புறம் பெரும்பாலான பழைய மியூசிக்கோட திரும்ப வெளியிட்டாங்க. வேற எபிசோடுக்கோ கிடங்குக்கோ எழுதினது தானே, ஆனாலும் அத எடுத்துட்டா அது அந்த சீரியலே இல்லன்னு ஜனங்களுக்கு தோணிருக்கு பாருங்க.

பொனான்சான்னு இன்னொரு பிரபல கௌபாய் சீரியல் இருக்கே, அத பத்தி கேப்பீங்க. அது என்பிசிங்கற வேற டிவி கம்பெனி, இசையமைப்பாளர் டேவிட் ரோஸ் ராஜ்ஜியம், கிடங்கே வேற. மாமாவுக்கு அது தான் உசிரு, எனக்கு அந்த இனிப்பு கொஞ்சம் திகட்டும். இப்ப ஹேவ் கன்ல ரெண்டாவது சீசன் ஓடுது, மொத்தம் 225 இருக்கு, கிச்சன் வேலைக்கும் பஞ்சமில்ல.