‘எங்க நாய் இதுவரை யாரையும் கடிச்சதே இல்ல’

நாய் கடித்துவிட்டால் வளர்ப்பவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அது வழக்கில் எடுபடுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக உருவான பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்டம், அந்த நாயின் முரட்டுக் குணம் வளர்ப்பவருக்கு முன்பே தெரியுமா என்று கேட்டது. இதை ‘முதல் கடிக்குப் பொறுப்பில்லை’ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. முன்பு கடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வருகிறவர்கள் மீதெல்லாம் பாய்ந்திருந்தாலோ, பக்கத்து வீட்டார் ஏற்கெனவே முறையிட்டிருந்தாலோ, அதுவே ‘தெரியும்’ என்பதற்குச் சான்றாகலாம். கலிபோர்னியாவில் இந்தக் கேள்வியே எழாது. அங்குள்ள உரிமையியல் சட்டத்தின் 3342-ஆம் பிரிவின்படி, பொது இடத்திலோ, முறையாக நுழைந்த தனியார் இடத்திலோ ஒருவரை நாய் கடித்தால், முன்வரலாறு எப்படி இருந்தாலும் உரிமையாளரே பொறுப்பு. ஜெர்மனியின் உரிமையியல் சட்டத்தின் 833-ஆம் பிரிவும் செல்லப்பிராணி வளர்ப்பவரின் தவறைத் தேடுவதில்லை. தொழிலுக்காக வைத்திருக்கும் வீட்டு விலங்கு என்றால் மட்டும், தகுந்த கவனம் எடுத்தேன் என்று நிரூபித்துத் தப்பலாம். பிரான்சில் விலங்கு தப்பி ஓடியிருந்தாலும் பொறுப்பு போகாது.

இந்தியாவில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறியவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ‘தன் வசம்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஊருக்குப் போனவரின் நாயைப் பார்த்துக்கொள்பவரும் அதில் சிக்கலாம். முழு இழப்பீடு வேண்டுமென்றால் கவனக்குறைவைக் காட்டி உரிமையியல் வழக்குதான் போட வேண்டும். அங்கே தாழ்ப்பாள் சரியாக விழாத கேட்டும், நைந்துபோன கழுத்துப்பட்டையும், நாயை இழுத்துப் பிடிக்க முடியாத சிறுவன் கையில் கொடுத்த சங்கிலியும்தான் பேசும்.

‘நாய் ஜாக்கிரதை’ பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்பது மிகப் பரவலான நம்பிக்கை. அத்துமீறி நுழைந்தவர் விஷயத்தில் அது உதவலாம். மணியடித்துக் காத்திருந்த கூரியர்காரரிடம் அது செல்லாது. போதாக்குறைக்கு, நாயின் குணம் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்தப் பலகையையே எதிர்த்தரப்பு காட்டக்கூடும். கடிபட்டவர் கல்லெறிந்தார், சீண்டினார் என்றால் இழப்பீடு குறையலாம், சில இடங்களில் இல்லாமலே போகலாம். சின்னக் குழந்தை வாலைப் பிடித்ததைச் சீண்டல் என்று நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை.

கடிபட்டவர் வழக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது, அதனால் இதில் சோம்பல் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் ஊசி மருந்தும் தேவைப்படும், அதை மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவச் சீட்டில் வெறும் ‘காயம்’ என்று எழுதவிடாமல், நாய்க்கடி என்றும், எங்கே, எப்போது, யாருடைய நாய் என்றும் பதியச் சொல்லுங்கள். பின்னால் பல வழக்குகள் தடுமாறுவது இந்த ஒரு வரி இல்லாததால்தான். காயத்தின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து அன்றே படமெடுங்கள். தையல் பிரித்த பிறகும், தழும்பு ஆறிய பிறகும் மறுபடி எடுங்கள். கிழிந்த உடையைத் துவைக்காதீர்கள். சிசிடிவி பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடும் என்பதால் உடனே எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

நாய் வளர்ப்பவர் தரப்பில் ஒரு தொகையைக் கொடுத்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்து கேட்பார்கள். முகத்தழும்பு தன் இறுதி வடிவத்துக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையின் செலவு தெரியாமல் கையெழுத்திட வேண்டாம். வழக்குப் போடும் கால வரம்பையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு, கலிபோர்னியாவில் 2 ஆண்டு.

வளர்ப்பவர்களே, நாயை அவசரமாக எங்கோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். 10 நாள் கட்டிவைத்துக் கண்காணித்தால்தான் அதற்கு ரேபிஸ் இல்லை என்று கடிபட்டவரின் மருத்துவர் முடிவெடுக்க முடியும். அதற்காக அவருக்கான சிகிச்சை காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி அட்டையின் நகலை அன்றே அவரிடம் கொடுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால், பணம் பேசுவதற்கு முன் அந்த நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்களைக் கேட்காமல் நீங்களே பேசி முடித்தால், தொகை தர மறுக்க அதுவே காரணமாகலாம்.