பிழையைப் படித்த பிறகுதான் பாடம்: சிறப்புக் கல்வி வகுப்பு நாட்குறிப்பு

ஜூன் 10, திங்கள்

புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாளே பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை. கண், காது இரண்டும் பரிசோதித்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு, பத்துச் சொல் டிக்டேஷன் கொடுத்தால் போதும். படம், பாடம், பட்டம், பல், பால், பள்ளி, நண்டு, பந்து, கன்று, கொடி. ஒவ்வொரு சொல்லும் ஒரு காரணத்துக்காக வைத்தது. மதிப்பெண் போடுவதற்கான தேர்வு இல்லை இது. எந்த இடத்தில் வழுக்குகிறது என்று பார்க்கத்தான்.

'பட்டம்' என்று சொன்னதற்குப் 'படம்' என்று எழுதினால் உடனே திருத்தக் கூடாது. "நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்று கேட்க வேண்டும். வாயிலும் 'படம்' என்றே வந்தால் சிக்கல் கேட்பதில் இருக்கிறது. வாயில் 'பட்டம்' என்று சரியாக வந்து கையில் மட்டும் 'படம்' என்றால், ஒலியை எழுத்தாகப் பிரிக்கும் இடத்தில் தடுமாற்றம். 'நன்டு' என்று எழுதினால் இரண்டும் இல்லை. ஒலி சரியாகவே விழுந்திருக்கிறது, எழுத்து மரபு இன்னும் பழகவில்லை. மூன்றும் தாளில் ஒரே மாதிரி சிவப்பு வட்டமாகத்தான் தெரியும். ஆனால் மூன்றுக்கும் பயிற்சி வேறு. 'பத்து முறை எழுதிட்டு வா' என்பது இந்த மூன்றில் எதையுமே தொடுவதில்லை. பிள்ளை ஆறாவது முறைக்குள் பார்த்து வரையத் தொடங்கிவிடும், ஒலி காணாமல் போய்விடும்.

ஜூன் 12, புதன்

கேட்பதில் சிக்கல் உள்ள பிள்ளைக்கு எழுத்தே வேண்டாம், பொத்தான்கள் போதும். சொல்லை மெதுவாகச் சொல்லி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொத்தானை முன்னே நகர்த்தச் சொல்ல வேண்டும். படம்: ப, ட, ம், மூன்று. பட்டம்: ப, ட், ட, ம், நான்கு. இரண்டு வரிசையையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால், கூடுதலாக ஒன்று எங்கே வந்தது என்று விரல் காட்டிவிடும். மெய்யெழுத்துக்கு மட்டும் சிறிய பொத்தான் வைப்பது நல்லது. மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற கணக்கு இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது: குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு, நெடிலுக்கு விரலை ஒரு சாண் இழுப்பது. பல் என்றால் தட்டு, பால் என்றால் இழுப்பு.

ஆசிரியர் பக்கம் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. உதவுவதாக நினைத்துக் குறிலையும் இழுத்து 'பஅஅடம்' என்று சொல்வது. அப்படிச் சொன்னால் பிள்ளை கேட்பது 'பாடம்'. மெதுவாக என்றால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விடுவது. எழுத்தையே நீட்டுவது இல்லை.

ஐந்து நிமிடத்துக்கு மேல் இது ஓடக் கூடாது. காதும் களைத்துப்போகும்.

ஜூன் 14, வெள்ளி

கொம்பு. இதற்குத் தனியாக நாள் ஒதுக்காமல் தமிழ் வாசிப்பு நகராது.

தமிழின் பன்னிரண்டு உயிர்களில் ஆறு (எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ) மெய்யோடு சேரும்போது இடப்பக்கம் கொம்பு போட்டுக்கொள்கின்றன. காதில் க் முதலில் விழுகிறது, எ பிறகுதான் வருகிறது. கண்ணுக்கோ கொம்பு முதலில், க பிறகு. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படி என்று நாமே கற்றுக்கொடுத்த பிள்ளை 'கெ' என்பதை 'எக' என்று படித்தால், அது சொன்னபடிதான் செய்திருக்கிறது. ஒகர வரிசையில் இன்னொரு பொறியும் இருக்கிறது: துணைக்காலும் (கா-வில் க-வுக்கு அடுத்து வரும் ா) ரகரமும் பெரும்பாலான அச்செழுத்துகளில் கிட்டத்தட்ட ஒன்றே. 'கொடி' என்பதை 'கெரடி' என்று வாசிக்கும் பிள்ளை கவனமில்லாமல் வாசிக்கவில்லை. கண்ணுக்குப் பட்டதை நேர்மையாகச் சொல்கிறது. ஔகார வரிசையிலும் அதே கதை. 'கௌ' அப்படியே 'கெள' ஆகிவிடும்.

மாற்று வழி அட்டைகளில். மெய் கறுப்பிலும் கொம்பும் காலும் சிவப்பிலுமாகத் தனித்தனி அட்டைகள். க அட்டையை மேசையில் வைத்து 'க்' என்று சொல்ல வேண்டும். கொம்பு அட்டையை வலப்பக்கத்திலிருந்து எடுத்து 'எ' என்று சொல்லிக்கொண்டே க-வுக்கு மேலே வளைத்து இடப்பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, சேர்த்து 'கெ' என்று சொல்ல வேண்டும். ஒலி வரும் வரிசையிலேயே கை நகர்கிறது என்பதுதான் இதில் முக்கியம். 'கொ' வந்தால் கொம்பும் காலும் இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் சேர வேண்டும், 'ஒ' என்ற ஒரே ஒலியோடு. இது அட்டைக்கு மட்டும். நோட்டில் எழுதும்போது வழக்கம்போல இடமிருந்து வலம்தான். அங்கேயும் மெய்யை முதலில் எழுதவிட்டால் பின்னால் அந்தப் பழக்கத்தை விடுவிப்பது பெரும்பாடு.

வாசிப்புக்குப் போகும்போது சன்னல் அட்டை. தடித்த அட்டையில் 'கௌ' முழுதாகத் தெரிகிற அகலத்துக்கு ஒரு துளை வெட்டி, வரிமேல் நகர்த்திக்கொண்டே போகலாம். துளைக்குள் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவும் சேர்ந்து ஒரே ஒலி. குறுகலாக வெட்டினால் கொம்பு தனியாக மாட்டிக்கொள்ளும், எல்லாம் பாழ். சிவப்பு நிறத்தையும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. முதலில் முழுச் சிவப்பு, பிறகு வெளிர் சிவப்பு, பிறகு பிழை வந்த எழுத்துக்கு மட்டும். நிறத்தைப் பார்த்து வாசிக்கப் பழகிய பிள்ளை கறுப்பு அச்சைக் கண்டதும் திகைத்து நின்றுவிடும்.

வரிசையைப் பற்றி ஒரு கருத்து. க, கா, கி, கீ என்று கௌ வரை ஒப்பிக்கவைப்பது மனப்பாடத்தை வளர்க்கும், வாசிப்பை வளர்க்காது. கால், புள்ளி, இகர விலங்குகள் (கி, கீ-யில் மேலே வரும் சுழி), கடைசியில் கொம்பு என்ற வரிசை நல்லது. உகரம் தனி வேலை. அடையாளம் ஒரே மாதிரி இல்லை. பு, யு, வு, சு ஒரு கூட்டம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். து, நு, ணு, னு, லு, று ஒரு கூட்டம். ஒரு கூட்டம் உறுதியான பிறகே அடுத்தது.

ஜூன் 20, வியாழன்

ண, ந, ன. மூன்றையும் ஒரே பலகையில் எழுதி 'வித்தியாசம் பார்' என்று சொன்னால் குழப்பத்தையே கற்றுக்கொடுத்ததாகும். ஒத்த எழுத்துகளைப் பிரித்துத்தான் அறிமுகப்படுத்த வேண்டும்: முதலாவது தயங்காமல் வரும்வரை இரண்டாவதைக் காட்டக் கூடாது. ல, ள, ழ-வுக்கும் ர, ற-வுக்கும் இதே விதி.

எழுதும்போது இனம் பார்க்கச் சொல்வது பெரிய துணை. அடுத்து வரும் எழுத்தே எந்த மெல்லினம் என்று சொல்லிவிடும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. சங்கு, பஞ்சு, நண்டு, பந்து, பாம்பு, கன்று என்று ஆறு படங்களை மேசை ஓரத்தில் ஒட்டிவைத்தால் பிள்ளை தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும். வேர்ச்சொல்லும் விகுதியும் சேரும் இடங்களில் இந்த விதி தவறும் ('என்பது', 'உண்பது' போல). அதை இப்போதே சொல்லிக் குழப்ப வேண்டாம்.

ஜூன் 27, வியாழன்

கணக்கு. 52 − 27 = 35 என்று எழுதியிருந்தால், அங்கே ஒரு விதி இயங்குகிறது: ஒவ்வொரு பத்தியிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி. 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3. 'கடன் வாங்கு' என்று ஆயிரம் முறை சொன்னாலும் இந்த விதி அசையாது. 52 என்பது ஒரே அளவு என்ற உணர்வே அங்கே இல்லை.

ஐந்து கட்டுக் குச்சி, கட்டுக்குப் பத்து, உதிரியாக இரண்டு. "27 எனக்குக் கொடு." உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆசிரியர் பேசவே கூடாது. ரப்பர் பேண்டைக் கழற்ற வேண்டும் என்று பிள்ளைக்கே தோன்றும்வரை காத்திருப்பதுதான் அன்றைய முழுப் பாடம். கழற்றிவிட்டால் நான்கு கட்டு, உதிரி பன்னிரண்டு. மிச்சம் இரண்டு கட்டு, உதிரி ஐந்து. அடுத்த வாரம் குச்சிக்குப் பதில் படம்: பத்துக்குக் கோடு, ஒன்றுக்குப் புள்ளி. அதற்குப் பிறகே எண். படக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கிற வகுப்பில் குச்சியில் 25, நோட்டில் 35 என்று இரண்டு விடையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

'இருநூற்று ஐந்து' என்பதை 2005 என்று எழுதும் பிழைக்கு மேலடுக்கு அட்டைகள். 200 நீளமான அட்டை, 5 சிறிய அட்டை. வலது ஓரம் பொருந்த ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் 205.

ஜூலை 3, புதன்

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கூர்மையான பையன், கணக்கு வரும், வாசிப்பு மட்டும் வராது. எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதும் அதில் பதிவாகியிருக்கிறது. அறிவியல் வினாத்தாளைப் படிக்க முடியாத காரணத்தால் பிள்ளைக்கு அறிவியலே தெரியாது என்று முடிவுகட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. அது அநியாயம். கேள்வியை வாசித்துக்காட்டலாம், நேரத்தைக் கூட்டலாம், விடையை வாயால் கேட்கலாம். பாடத்தைக் குறைக்கத் தேவையில்லை.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்கும் ஒரு வழி: அதே வரிகளைத் தாளில் எழுதி மேசையில் பக்கத்திலேயே வைத்துவிடலாம். தலை நிமிர்ந்து குனிவதற்குள் சொல் மனதிலிருந்து நழுவிப்போவதுதான் பாதிப் பிழைக்குக் காரணம்.

ஜூலை 9, செவ்வாய்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்பிப்பது. படிகள் ஐந்து: இரண்டு ஓரத்தையும் பிடிப்பது, பொத்தானைக் காஜாவுக்கு நேரே கொண்டுவருவது, விளிம்பை உள்ளே நுழைப்பது, மறுபக்கம் எட்டிப்பார்க்கும் விளிம்பைப் பிடிப்பது, இழுப்பது. கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். நான்கையும் பெரியவர் செய்துவிட்டு இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விட்டால், ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த நிறைவு பிள்ளைக்கே கிடைக்கும். உதவியில்லாமல் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் நான்காம் படியையும் சேர்த்து விட்டுக்கொடுக்கலாம்.

மேசைமேல் விரித்த துணியில் பழக்கினால் உடம்பில் வராது; பார்க்கும் கோணமே வேறு. ஒரு அங்குலப் பொத்தான் தைத்த மேல்கோட்டை மாட்டிவிட்டுத்தான் பழக்க வேண்டும். கையைப் பிடித்து உதவுவதை மெல்ல மெல்லத் தளர்த்திவிடலாம். "ம், தள்ளு, இப்போ இழு" என்று வாயால் சொல்லும் உதவியை விடுவிப்பதுதான் கடினம், பிள்ளை அந்தக் குரலுக்காகவே காத்து நிற்கும். அதனால் சொல்லுக்கு முன் ஐந்து நொடி மௌனம், பிறகு சைகை. வீட்டிலும் இதே வரிசை வேண்டும் என்று இன்று அம்மாவுக்கும் பாட்டிக்கும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், காலை அவசரத்தில் அவர்களே போட்டுவிட நேர்ந்தாலும் கடைசி இழுப்பைப் பிள்ளைக்கு விட்டுவைக்கும்படி.