கோஎன்ஜியின் பழைய துணிக் கடைகளும் என் காட்டுப் பெண் உடையும்

சனி, ஞாயிறுகளில் டோக்கியோவின் சூவோ தடத்து விரைவு ரயில் கோஎன்ஜியில் நிற்காது என்பதை, ஓகிகுபோ வரை போய்த் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் சின்ஜுகுவிலேயே மஞ்சள் கோடு போட்ட சாதாரண ரயிலில் ஏறிவிடுகிறேன். டோக்கியோவில் பழைய உடைகளுக்கு ஹராஜுகுவும் ஷிமோகிதஸாவாவும் பெயர் பெற்றவைதாம். ஆனாலும் வாசலில் மலிவு விலை உடைகளைத் தொங்கவிட்டிருக்கும் சிறு கடைகளில் பொறுமையாகத் தேட எனக்குக் கோஎன்ஜிதான் பிடித்திருக்கிறது.

நான் தேடுவது 'மோரி கேர்ள்' பாணிக்கு ஏற்ற உடைகளை. மோரி என்றால் காடு. 2006-ஆம் ஆண்டில் மிக்ஸி என்ற ஜப்பானிய வலைத்தளத்தில், "காட்டில் இருப்பவளைப் போல இருக்கிறாய்" என்று தோழி சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தொடங்கிய குழுவிலிருந்து பரவிய பாணி இது. தளர்வாக விரிந்து இறங்கும் கவுன்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் அடுக்குகள், பருத்தி, லினன், கம்பளி, லேஸ், மங்கிய வெள்ளையும் மண் நிறங்களும் சேர்ந்ததுதான் இதன் தோற்றம். பொம்மை உடை போல லேஸும் சுருக்கங்களும் நிறைந்த லோலிடா என்ற இன்னொரு ஜப்பானியப் பாணியில் எந்த நிறுவனத்தின் உடை, எந்த ஆண்டின் அச்சு என்பதெல்லாம் பெரிதாகப் பேசப்படும். மோரி உடையிலோ துணி பழகியிருப்பதே ஓர் அழகு என்பதால், பழைய உடையை வாங்கிப் பிரித்துத் தைப்பதை நான் ஒருபோதும் இரண்டாந்தரமான வழியாகக் கருதியதில்லை.

கடைக்குள் நுழைந்ததும் உடையின் வடிவத்தை நான் பார்ப்பதே இல்லை. உள்பக்கத் தையலோரம் இருக்கும் விவரச் சீட்டில் 'மென்' என்ற ஜப்பானிய எழுத்து இருந்தால் பருத்தி, 'அஸா' என்றால் லினன் வகை, 'கெ' என்றால் கம்பளி. இந்த மூன்று எழுத்துகளைப் பழகிக்கொண்டாலே பாதித் தேடல் முடிந்துவிடும். பிறகு கீழ் ஓரத்தைத் திருப்பி, எவ்வளவு துணி மடித்து விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். அக்குள் பகுதியை வெளிச்சத்தில் பிடித்து இழை நைந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன், ஏனென்றால் அங்கே நைந்த துணி மறுபடி ஊசியைத் தாங்காது.

சென்ற மாதம் வாங்கியவை இரண்டு: முழங்காலுக்கு மேலே நின்றுவிடும் ஒரு பருத்திக் கவுன், கழுத்தில் லேஸ் வைத்த ஒரு நீளமான இரவு உடை. கவுனின் கீழ்ச் சுற்றளவு 160 செ.மீ., இரவு உடையினுடையது 170 செ.மீ. இரவு உடைத் துணியைச் சுருக்கிக் கவுனின் கீழே வைத்து அதை நீளமாக்க நினைத்தேன். சுருக்கம் நன்றாக விழ ஏறத்தாழ இரண்டு மடங்கு துணி வேண்டும் என்பதால், இரவு உடையின் கீழ்ப்பகுதியை 25 செ.மீ. உயரமுள்ள இரண்டு வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் திறந்து, இரண்டையும் சேர்த்து ஒரே நீளப் பட்டையாக்கினேன். மேல் ஓரத்தில் பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டி, தையல் இயந்திரத்தின் அடிப்பக்க நூலான பாபின் நூலை மட்டும் மெதுவாக இழுத்தால் துணி தானாகச் சுருங்கி வரும். கவுனையும் பட்டையையும் எட்டு சமபாகமாக்கிக் குறியிட்டுக் குண்டூசியால் பொருத்திய பிறகே இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருக்கமெல்லாம் ஓரிடத்தில் குவிந்துவிடும். கவுனின் ஓரத்தை வெட்டாமல் அதன் உள்பக்கமாகவே பட்டையை வைத்துத் தைத்ததால், உள்பாவாடை எட்டிப் பார்ப்பது போன்ற தோற்றம் கிடைத்தது.

கவுனின் வெள்ளையும் பட்டையின் வெள்ளையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றதால், அடர்த்தியான தேயிலைச் சாற்றில் கவுனை ஊறவைத்தேன். துணி இளம்பழுப்பாக மாறியது. ஆனால் பாலியஸ்டர் நூலால் போட்டிருந்த பழைய தையல்கள் மட்டும் சாயம் ஏறாமல் பளிச்சென்று வெள்ளையாகவே நின்றன. நான் போட்ட தையல்கள் பருத்தி நூல் என்பதால் துணியோடு சேர்ந்து நிறம் மாறியிருந்தன. கழுத்தருகே தெரிந்த வெள்ளைத் தையலின் மேல் பழுப்புப் பருத்தி நூலால் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு மூடினேன். ஒரு மாலை முழுவதும் அதற்கே போயிற்று.

என்னை மிகவும் வருத்தியது ஒரு ஹவோரி. ஜப்பானிய மரபு உடையான கிமோனோவின் மேல் அணியும் அந்த அங்கியும் கிமோனோவைப் போலவே சுமார் 36 செ.மீ. அகலத் துணியை நேர்க்கோடுகளில் வெட்டித் தைப்பது. தையலைப் பிரித்தால் நீள நீளமான துண்டுகளாக மீண்டும் கைக்கு வந்துவிடும். முழுதாகப் பிரித்து, துவைத்து, திரும்பத் தைக்கும் 'அராய்ஹரி' என்ற வழக்கமே ஜப்பானில் உண்டு. அந்தத் துண்டுகளால் தோளை மூடும் சிறு போர்வை ஒன்று தைக்க நினைத்தேன். ஆனால் அது சிரிமென் என்னும், முறுக்கிய நூலால் நெய்த பட்டு. தண்ணீரில் நனைத்ததும் கண்ணெதிரே சுருங்கி இறுகிப்போயிற்று. யாரோ ஒருவர் பல ஆண்டுகள் மடித்துப் பாதுகாத்த துணியை ஒரு நிமிட அவசரத்தில் கெடுத்துவிட்டேனே என்ற வேதனை இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து எந்தப் பட்டுத் துணியையும் முதலில் ஓரத்துண்டு ஒன்றை மட்டும் நனைத்துப் பார்க்காமல் தொடுவதில்லை.

சுருங்கிய துண்டுகளை எறியவில்லை. இரண்டை இரவு உடையின் மிச்சத்தோடு சேர்த்து ஒரு சுருக்குப் பை தைத்திருக்கிறேன். போர்வைக்குக் கம்பளி தேட, வரும் சனிக்கிழமை மீண்டும் மஞ்சள் கோட்டு ரயிலில் ஏறப் போகிறேன்.