எஞ்சின் மாற்றும்போது யாரும் கேட்காத கேள்வி

எஞ்சின் மாற்ற வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் இழுவையைப் பற்றித்தான் கேட்பார்கள். சத்தியமங்கலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? மேலே திம்பம், 27 கொண்டை ஊசி வளைவுகள். தாளவாடிக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போகிற வண்டிக்கு மூச்சு வேண்டும். ஆனால் லோடை ஏற்றிக்கொண்டு அதே மலையில் இறங்கித்தானே ஆக வேண்டும்?

போன வருசம் வந்த பழைய மஹிந்திரா பிக்கப்பும் இப்படித்தான். உள்ளே 2112 சிசி பீஜோ டீசல். கம்ப்ரஷன் போய்விட்டது, காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருந்தாலும் புகைதான் மிச்சம். சிலிண்டரைப் போர் செய்து, அதாவது உள்ளே கடைந்து, பிஸ்டன் மாற்றலாம் என்றேன். "வேண்டாமுங்க தம்பி, டிஐ எஞ்சினே போட்டுருங்க" என்றார் வண்டிக்கார அண்ணன். எஞ்சினை ஏற்கெனவே பேசி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். டிஐ என்றால் டீசலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் எஞ்சின். அது 2523 சிசி, இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வம்சம்: சிலிண்டரின் உள்விட்டம் 3.5 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் 4 அங்குலம். குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். அதிர்வும் அந்த வம்சத்துடையதுதான்.

அவர் பேசி வைத்திருந்த செகண்ட் ஹேண்ட் எஞ்சினுக்குப் பில் இருக்கிறதா என்று முதலில் கேட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி, ஆர்சியில் புது எஞ்சின் நம்பரை ஏற்ற வேண்டும். பில் இல்லாத எஞ்சினை நான் தொடுவதில்லை.

இரண்டு எஞ்சினும் மஹிந்திரா வண்டிகளில் ஓடியவைதான். ஆனாலும் எஞ்சினோடு கியர்பாக்ஸைச் சேர்க்கிற கூடான பெல் ஹவுசிங்கின் ஓட்டைகள் ஒத்துப்போகாது. இடையில் ஒரு இரும்புப் பிளேட் போட வேண்டும். அதைக் கோவை கணபதியில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கினோம். பிளேட்டின் கனத்துக்கு கியர்பாக்ஸ் பின்னால் தள்ளிப்போகும். கியர்பாக்ஸ் இன்புட் ஷாப்ட்டின் மூக்கு, எஞ்சின் பக்கம் அதைத் தாங்குகிற பைலட் புஷ்ஷை எட்டாது. அதற்கு நீளமான கன்மெட்டல் புஷ். எஞ்சினோடு சுற்றும் பிளைவீலில் டயல் கேஜை நிறுத்தி, கையால் சுற்றி, ஹவுசிங் வட்டம் எஞ்சினின் நடுவோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தேன். முள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் ஆடினால் மறுபடி கழற்றுவேன். போல்ட் ஏறிவிட்டால் சரி என்று விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வண்டிகள் கியர்பாக்ஸ் பேரிங் சத்தத்தோடு அடுத்த பட்டறையைத் தேடும். மவுண்ட், ரேடியேட்டர் ஹோஸ், சைலன்சர் பைப் எல்லாம் வெல்டிங் வேலை, சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டார்ட் ஆனதும் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தர்றனுங்க" என்று சாவிக்குக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. டீசல் எஞ்சினில், மிதிக்கிற பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாக வராது, தனியாக ஒரு பம்ப் உறிஞ்ச வேண்டும். பழைய எஞ்சினில் அது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்திருந்தது. வந்த எஞ்சினிலோ வெறும் ஆல்டர்னேட்டர். பெடலில் அவரையே கால் வைக்கச் சொன்னேன். கட்டையை மிதித்த மாதிரி இருந்திருக்கும்; முகம் மாறிவிட்டது.

பம்ப் வைத்த ஆல்டர்னேட்டர் தேடி, பிராக்கெட் அடித்து, ஆயில் லைனும் கொடுத்த பிறகுதான் சோதனை. எஞ்சினை நிறுத்திப் பெடலை நாலைந்து முறை மிதித்து, காலை அழுத்தி வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கியது. அப்புறம் லோடு இல்லாமல் பண்ணாரி வரை நானே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

இப்போது அவருக்கு வேறு குறை. "மேட்டுல நல்லா ஏறுதுங்க, ஈரோட்டு ரோட்டுலதான் எல்லாரும் முந்திப் போறாங்க." இந்த எஞ்சின் பீஜோ அளவுக்குச் சுற்றாது, அதே கியர் விகிதத்தில் வேகம் குறையத்தான் செய்யும். பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களை மாற்றினால் ரோட்டில் ஓடும், மேட்டில் கொஞ்சம் திணறும். வாரத்தில் பாதி நாள் தாளவாடி போகிறவருக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.