நான் காட்டியது வேறு அன்னா

ஜூலை மாதம் என்றாலே எங்கள் குடும்பத்துக்கு புக்கிட் மெர்தாஜாம்தான். அம்மா காலத்தில் பினாங்குத் தீவிலிருந்து ஃபெரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பார்கள். இப்போது தம்பியின் காரில் பாலம் தாண்டிப் போகிறோம். இயேசுவின் தாய் மரியாவைப் பெற்ற புனித அன்னம்மாளின் திருத்தலத்தில் நவநாள், கூட்டத்தோடு கூட்டமாக மெழுகுவத்திப் பவனி, வீடு திரும்ப நள்ளிரவு. இதில் ஒன்றும் மாறவில்லை.

போன வருஷம் பவனி தொடங்கக் காத்திருந்தபோது தம்பி மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். "அத்தை, அன்னம்மா பைபிள்ல எங்க வர்றாங்க?"

"லூக்காவுல, ரெண்டாம் அதிகாரம்" என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் என் கைப்பேசியை வாங்கித் தேடினாள். அன்னா என்ற பெயர் அங்கே இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் பானுவேலின் மகள், ஆசேர் குலத்தவர், ஏழு வருஷம் மட்டுமே கணவரோடு வாழ்ந்து கைம்பெண் ஆனவர், எண்பத்து நான்கு வயது இறைவாக்கினர், குழந்தை இயேசுவைக் கோவிலில் பார்த்தவர். "இவங்க வேற பாட்டி அத்தை. மரியாவோட அம்மான்னு போடலையே."

தம்பியைப் பார்த்தேன். அவன் தன் மனைவியைப் பார்த்தான். பக்கத்தில் செபமாலையோடு நின்ற அம்மா வயதுக்காரர் இருவருக்கும் தெரியவில்லை. அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது, நடந்தோம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் கேட்டேன். அன்னம்மாள், அவர் கணவர் சுவக்கீன் என்ற பெயர்கள் விவிலியத்தில் எங்கேயும் இல்லை என்றார். இரண்டாம் நூற்றாண்டில் யாக்கோபின் பெயரில் எழுதப்பட்ட ஒரு பழைய நூலில்தான் அவர்கள் கதை வருகிறதாம். திருச்சபை அதை மறைநூலாக ஏற்கவில்லை. ஆனாலும் அந்த நினைவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, ஜூலை 26இல் இருவருக்கும் விழா எடுக்கிறது. வீட்டுக்கு வந்து அதைத் தேடிப் படித்தேன்.

குழந்தை இல்லை என்று சொல்லி சுவக்கீனின் காணிக்கையைத் தடுக்கிறார்கள். அவர் மனம் உடைந்து பாலைவனத்துக்குப் போய் நாற்பது நாள் நோன்பிருக்கிறார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே அன்னம்மாள் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார். கிளையில் குருவிக்கூடு. வானத்துப் பறவைக்குக்கூடக் குஞ்சு இருக்கிறது, எனக்கு இல்லையே என்று அழுகிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கும் குழந்தை இல்லை. கல்யாணமான பிறகு பதினொரு வருஷம் அந்தத் திருத்தலத்தில் முழங்காலில் நின்றிருக்கிறேன். 'அன்னம்மாகிட்ட வேண்டிக்கோ' என்று எல்லாரும் சொன்னார்கள், வேண்டினேன். ஏன் அன்னம்மாளிடம் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்ட வீடுகள், விசாரித்துவிட்டுப் பாதியில் பேச்சை மாற்றிய முகங்கள், அத்தனையும் தெரிந்த ஒருத்தியின் முன்னால்தான் நின்றிருக்கிறேன். அது தெரியாமலே நின்றிருக்கிறேன். தெரிந்திருந்தால் குழந்தை பிறந்திருக்கும் என்று சொல்லவரவில்லை. அந்தப் பதினொரு வருஷத்தில் நான் இவ்வளவு தனியாக இருந்திருக்க மாட்டேன்.

இதனால்தான் எழுதுகிறேன். நம் மக்களிடம் பக்திக்குக் குறைவே கிடையாது. ஆனால் இளவயதில் பெறும் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் முடிந்த அன்றோடு மறைக்கல்வியும் முடிந்துவிடுகிறது. பதினாறு வயதில் தெரிந்ததை வைத்துக்கொண்டு அறுபது வயதுத் துக்கத்தைத் தாங்கப் பார்க்கிறோம். இந்தத் தீவுக்கு 1808இல் வந்த, குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடம் இன்றும் இருக்கிறது. படிப்பது அவர்கள் வேலை, பூசைக்கு வருவது நம் வேலை என்று பிரித்துக்கொண்டோம். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம் தம்பிரான் வணக்கம். 1578இல் கொல்லத்தில் அச்சானது, பதினாறே பக்கம். அது ஒரு ஞானோபதேசப் புத்தகம், அதாவது மறைக்கல்விப் புத்தகம். முத்துக்குளித்துறை மக்கள் தங்கள் விசுவாசத்தைத் தங்கள் மொழியிலேயே படிக்க வேண்டும் என்றுதான் அச்செழுத்தே வார்த்தார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நாங்கள் ஆகஸ்டில் ஐந்து பேராகத் தொடங்கினோம், இப்போது ஒன்பது பேர். பூசை முடிந்து கோயில் கேண்டீனில் கோப்பி-ஓ வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு வாசகங்களைப் படிக்கிறோம். பெருவிழாக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்தில் முதல் வாசகத்தை நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தொடர்பு எங்கே என்று தேடுவதுதான் முதல் வேலை. கண்டுபிடித்துவிட்டால் மறையுரை வேறு மாதிரி காதில் விழுகிறது. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி ஏட்டை வாங்கி, எண்ணிட்ட 2865 பத்திகளையும் பார்த்து மலைத்து மூடியவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: 2558இலிருந்து தொடங்குங்கள். நான்காம் பகுதி, செபத்தைப் பற்றியது, நான்கில் அதுதான் சிறியது.

ஒரு ஞாயிறு, பூசையில் சேர்ந்து சொல்லும் நம்பிக்கை அறிக்கையை எடுத்தோம். 'ஒளியினின்று ஒளியாக', 'உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்'. இறைமகன் இயேசு படைக்கப்பட்டவர்தான் என்று ஆரியுஸ் என்ற குரு போதித்தார், அதை மறுத்து 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் தேர்ந்தெடுத்த சொற்கள் அவை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "பவனியில பக்கத்து ஆளோட மெழுகுவத்தியிலதானே பத்த வைப்போம்" என்றார். "அவரோட வெளிச்சம் கொஞ்சமாச்சும் குறையுதா? என் கையில இருக்கிறதும் அதே நெருப்புத்தானே." இப்போதெல்லாம் அந்த வரி வரும்போது எங்கள் ஒன்பது பேரின் குரல் கொஞ்சம் மெதுவாகிறது.

எங்கள் பங்கில் இருப்பவர்கள் வாருங்கள், நாற்காலி நிறைய இருக்கிறது. வேறு பங்கு என்றால் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிவிடுங்கள். பதில் தெரியாத கேள்விகளை ஒரு தாளில் எழுதி மாதம் ஒருமுறை ஃபாதரிடம் கொடுக்கிறோம். இதுவரை ஒன்றைக்கூட அவர் தள்ளியதில்லை.

தம்பி மகளும் வருகிறாள், மைலோ ஐஸோடு. போன வாரம் அவள் கேட்டது: "சுவக்கீன் தாத்தா சொல்லாமப் போயிட்டாரே, திரும்பி வந்தப்ப அன்னம்மா கோவிச்சுக்கிட்டாங்களா?"

இந்த முறை வாயால் பதில் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பி அவள் கையிலேயே கொடுத்தேன். அவர் மந்தையோடு வருகிறார். அன்னம்மாள் வாசலில் நிற்கிறார். பார்த்ததும் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்.