கூம்பு திரும்பிய கதை

தரமணியில் நான் வேலை பார்த்த அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி எங்கள் சன்னலைப் பார்த்து அலறும். ஒரு நாள் சத்தம் சட்டென்று பாதியானது. கோயில் எங்கும் போகவில்லை. யாரோ கூம்பை அடுத்த தெருப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அப்போது என் மேசையில் இருந்தது 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான ஈர்ப்பலை, காலவெளியில் ஓடும் சிற்றலை. வெடித்த விண்மீன்களின் கனத்த மிச்சமான இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி மோதிய அலையை அமெரிக்காவின் லைகோ, இத்தாலியில் உள்ள விர்கோ கருவிகள் பிடித்தன. 1.7 நொடியில் காமா கதிர் வெடிப்பு. சில மணி நேரத்தில் என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் ஒளியும் சிக்கிவிட்டது. அதிர்வெண் ஏறும் விதம், மூலத்தில் அலை எவ்வளவு வலுவானது என்று சொல்லிவிடும். இங்கே எவ்வளவு மெலிந்து வந்தது என்று பார்த்தால் தூரம். மண்டலத்தின் ஒளியைப் பார்த்தால் அது நம்மைவிட்டு விலகும் வேகம். வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் பிரபஞ்சம் விரியும் வீதம். 1986லேயே பெர்னார்ட் ஷுட்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்ன வழி இது. நான்காம் வகுப்பு வகுத்தல்தான்.

ஆனால் தூரம் அவ்வளவு லேசில் பிடிபடாது. கோயில் கூம்பு கதைதான். ஜோடியின் சுற்றுத்தளம் நமக்கு நேர்முகமாக இருந்தால் அலை பலமாக வரும், சாய்ந்தால் மெலியும். தொலைவில் நேர்முகமாகச் சுற்றுவதும் அருகில் சாய்ந்து சுற்றுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும்.

பொதுவில் கிடைக்கும் அந்தத் தரவை வைத்து நான் போட்ட கணக்கில் விரியும் வீதத்துக்கு ஊசி போன்ற வளைகோடு வந்தது, அவ்வளவு துல்லியம். பூரித்துப்போய் என் வழிகாட்டி மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடாமல், "சாய்வை என்ன செய்தாய்?" என்றார். சோதனைக்காகச் சுழியம் என்று வைத்த சாய்வுக் கோணத்தை மாற்ற மறந்திருந்தேன். கூச்சத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். அந்த ஊசி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

திருத்தியதும் கோடு இட்லி மாதிரி உப்பியது. ஆய்வுக் குழுவினர் வெளியிட்ட மதிப்பும் அப்படித்தான்: ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு தூரம்) நொடிக்கு 70 கிலோமீட்டர், மேலே 12, கீழே 8 பிழை. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் சொல்லும் 67, வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்கள் சொல்லும் 73 இரண்டுமே அதற்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். இந்த இரண்டில் எது சரி என்ற சண்டையைத் தீர்க்க வந்தவர் இரு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுப் போன கதை.

2019 ஏப்ரல் 25 பிற்பகலில் இன்னொரு மோதல் பதிவானது. தேட வேண்டிய பரப்பு வானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விலகும் வேகத்தைச் சொல்லும் ஒளி எதுவும் அகப்படவில்லை. ராத்திரி டப்பாவைத் திறந்தால் சாம்பார் சாதம் ஊசிப்போயிருந்தது.