பெயர் எழுதும் மேசை

நெட்வொர்க்கிங் கூட்டத்தில் முதலில் தீர்ந்துபோவது பேனா. அடுத்தது கேசரி. விசிட்டிங் கார்டு மட்டும் தீரவே தீராது. என் இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டு ஏழு கட்டுகள் கிடக்கின்றன. இன்டீரியர், இன்சூரன்ஸ், சோலார் பேனல், மறுபடியும் இன்சூரன்ஸ். பாதிப் பேரின் முகம் நினைவில்லை. அவர்கள் வீட்டு இழுப்பறையில் என் கார்டுக்கும் இதே கதிதான் இருக்கும்.

சேலத்தில் சாரதா காலேஜ் ரோட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை, இரண்டு லேப்டாப், நான், கூட வேலை பார்க்கும் ஒரு தம்பி. என் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனி மொத்தமும் இவ்வளவுதான். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. ஊரடங்கில் ஷட்டர் இறக்கிய கடைக்காரர்கள் எல்லாம் போனே கதியென்று கிடந்த அந்த நாட்களில்தான் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். கூட்டங்கள் மறுபடி நடக்க ஆரம்பித்ததும் ஒன்று விடாமல் போனேன். ஐந்து ரோட்டில் ஓட்டல் ஹால், ஜங்ஷன் பக்கம் மண்டபத்தின் பந்தி நடக்கும் கூடம், ஒருமுறை ஒரு ஜிம்மின் மொட்டை மாடி.

வாரா வாரம் விடிகாலையில் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைக் கைகாட்டிவிடும் வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது 1985-ல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. என்ற அமைப்பு. இட்லியும் பொங்கலும் மட்டும் நாம் சேர்த்துக்கொண்டது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒரே ஆள் என்பது அங்கே விதி. அந்த மாதிரி குழுக்களில் நான் விசாரித்த இடத்தில் எல்லாம் என் தொழிலுக்கான நாற்காலியில் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதனால் முந்நூறோ ஐந்நூறோ கட்டினால் யாரும் வரலாம் என்கிற பொதுக் கூட்டங்கள்தான் எனக்கு வாய்த்தன. யாரும் வரலாம் என்பதால் என் தொழில்காரர்களே பத்துப் பேர் வந்திருப்போம். நாற்பது பேர் இருக்கிற ஹாலில் நாற்பது பேரும் விற்க வந்தவர்கள். மொத்த வியாபாரம் நடக்கும் லீ பஜாரில் ஒரு நாள் இப்படி நடந்தால் மறுநாள் மண்டிக்காரர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள்.

எல்லோருக்கும் ஒரு நிமிடம் தருவார்கள். மணி அடிப்பதற்குள் நான் யார், என்ன செய்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். 'பிராண்ட்', 'ரீச்', 'எங்கேஜ்மென்ட்' என்று மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். கைதட்டுவார்கள். அடுத்த ஆள் எழுந்துவிடுவார். டீ நேரத்தில் யாராவது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "எந்தப் பக்கம் கண்ணு? யாரு வீட்டுப் பொண்ணு?" என்பார். அப்பா அம்மாபேட்டையில் தறி வைத்திருந்தார் என்று சொன்னதும் அவர் முகம் மாறும். "அப்படியா, சொல்லக் கூடாதா!" மேடையில் பேசிய ஒரு நிமிடத்தில் நடக்காதது அந்த ஒரு வரியில் நடந்துவிடும். ஆனால் அப்போது எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்காமல் என் அப்பாவைப் பற்றிக் கேட்கிறாரே என்று.

ஒன்றரை வருடம் போனது. வாட்ஸ்அப் குரூப்கள்தான் பெருகின. முதல் வாரம் எல்லோரும் அறிமுகம் செய்துகொள்வார்கள், இரண்டாவது வாரம் குட் மார்னிங் படங்கள், மூன்றாவது வாரம் யாரோ அரசியல் அனுப்பிச் சண்டை, பிறகு அட்மின் மட்டும் பேசலாம் என்று பூட்டு. வாடிக்கையாளர் என்று ஒருவர்கூட வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். கூட்டம் நடத்துகிற அண்ணன் என்னைப் பார்த்து, "ஒரு அரை மணி நேரம் ரிஜிஸ்டர் எழுதித் தர்றியாம்மா?" என்றார். உட்கார்ந்தேன். அன்றிலிருந்து வேறு இடத்தில் உட்கார்வதில்லை.

ஹாலுக்குள் நான் தேடிப் போய்ச் சிரித்தாலும் பாதியில் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிற அதே ஆட்கள், மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். பெயர், தொழில், ஊர் மூன்றையும் அவர்களே சொல்கிறார்கள். 'கடை எங்கேங்க?' என்று நான் கேட்பது தொந்தரவாகத் தெரிவதில்லை, அது என் வேலை. சீக்கிரம் வந்துவிட்டு உள்ளே யாரையும் தெரியாமல் வெளியே வந்து நிற்பவர்கள் மேசை ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு விற்க அவசரமில்லை. பேச ஆள் வேண்டும். நான் கேட்டுக்கொண்டே பேட்ஜில் பெயர் எழுதுவேன்.

இதற்கு நடுவில் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெரு முனையில் ஓர் அக்கா தட்டுவடை செட் போடுகிறார். தட்டைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல், சிவப்பும் பச்சையுமாகச் சட்னி. சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆர்வக்கோளாறில் ஒரு கூட்டத்தில் பழக்கமான ஃபுட் ரீல்ஸ் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், கைக்காசைக் கொடுத்து ஒரு வீடியோ போடவைத்தேன். காசு வாங்கிப் போடுவதை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே வழிமுறை கொண்டுவந்திருந்தது. நாங்கள் குறிப்பிடவில்லை. வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாவது நாள் தெருவை அடைத்துக்கொண்டு பைக்குகள். அக்காவின் கை இரண்டுதான், தட்டைக்கு மாவு பிசைவது அவர் அம்மா ஒருத்திதான். ஏழு மணிக்கே சரக்கு தீர்ந்தது. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், பஸ் இறங்கி வீட்டுக்குப் பொட்டலம் வாங்கும் ஆட்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். மூன்றே வாரத்தில் பைக்குகள் வேறு வண்டியைத் தேடிப் போய்விட்டன. பழைய ஆட்கள் அடுத்த தெருக் கடைக்குப் பழகியிருந்தார்கள். "கண்ணு, அந்த வீடியோவ எடுக்க முடியுமா?" என்று அக்கா கேட்டது கோபமாகக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. வியாபாரம் பழைய நிலைக்கு வர ஐந்து மாதம் ஆனது.

அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தில் மேசை ஓரம் வந்து உட்கார்ந்தவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். மகன் கட்டாயப்படுத்தி அனுப்பியிருந்தான். நான் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். இன்ஸ்டாவில் டிசைன்களைப் போட்டால் நாடு முழுக்கப் பார்ப்பார்கள், நேரடியாக ஆர்டர் வரும். அவர் டீயை ஊதிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நாடு முழுக்கப் பாக்கறதுக்கு முன்னாடி பக்கத்துப் பட்டறைக்காரன் பாப்பான் கண்ணு. நான் ராத்திரி போட்டா காலைல அவன் அதே டிசைனப் பத்த வச்சிட்டிருப்பான்."

வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் திறந்து பார்க்கும் படம் அனுப்பலாம், ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது என்றேன். இன்னொரு போனை வைத்துப் படம் எடுக்க முடியாதா என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு அவரே சொன்னது எந்த மார்க்கெட்டிங் வகுப்பிலும் நான் கேட்காதது. அவரிடம் சரக்கு எடுப்பவர்கள் பதினோரு வியாபாரிகள், பெரும்பாலும் வடக்கே. சரக்கு போனதும் பணம் வராது, நாளாகும். அதுவரை வெள்ளிக்குப் போட்ட முதல் மாட்டிக்கொண்டு நிற்கும். பன்னிரண்டாவது ஆள் வந்தால் அவனுக்கும் கடனுக்குத்தான் கொடுக்க வேண்டும். "வெள்ளிக்கு நான் எங்க போறது? எனக்கு ஆளு வேணாம். இருக்கற பதினோரு பேரு போவாம இருந்தாப் போதும். அதுக்கு உன்கிட்ட ஏதாச்சும் இருக்குதா?"

இருந்ததா என்று தெரியவில்லை. இரண்டு மாதம் யோசித்து, டிசைன் கண்ணில் படாதபடி பட்டறை வேலையை மட்டும் வீடியோ எடுத்தோம். கம்பி இழுப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது, எடை பார்ப்பது. எதுவும் இன்ஸ்டாவில் போகவில்லை. பதினோரு பேருக்கும் மாதம் ஒரு துண்டாக அவர் போனிலிருந்தே போனது. என் முதல் நிலையான வாடிக்கையாளர் அவர்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கைமாறிய விசிட்டிங் கார்டு ஒன்றுகூட இல்லை.

அவரைக் கூட்டத்துக்கு வரச்சொன்னது மகன் என்றாலும், மகனுக்குச் சொன்னது லாரி டயர் விற்கும் ஓர் அண்ணன். வருடத்துக்கு மூன்று தடவை மேசையில் பார்ப்பேன், அவ்வளவு பழக்கம்தான். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் அடிக்கடி பார்க்கும் ஆள் வழியாகக் கிடைத்தது, மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர்கள் வழியாகவே கிடைத்தது என்று கண்டார். நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் நமக்கும் தெரியும், தள்ளி நிற்பவர்களுக்குத்தான் வேறு உலகம் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். டயர் அண்ணன் இதுவரை மூன்று பேரை அனுப்பியிருக்கிறார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அவருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. 'கம்ப்யூட்டர்ல விளம்பரம் எழுதற பொண்ணு' என்று சொல்லித்தான் அனுப்புகிறார்.

அவரோடுதான் ஏற்காட்டில் நடந்த ஒரு நாள் கூட்டத்துக்கு வேனில் போனேன். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் பழைய நுழைவு வளைவைப் பார்த்ததும் அவர் தன் சித்தப்பா அங்கே லைட் தூக்கிய கதையை ஆரம்பித்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து மேலே சேர்ந்தபோதுதான் கதையும் முடிந்தது. வெளியூரிலிருந்து காரில் வந்திருந்த பேச்சாளருக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே மேடை ஏறினார். ஏறியதும் ஆங்கிலமும் தமிழுமாக, "சேலம் மாதிரி டயர் டூ சிட்டில இப்பதான் கன்டென்ட் கிரியேஷன்னா என்னன்னே தெரிய ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

டயர் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம தொழிலப் பத்திப் பேசறாரா?"

சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கி, நூற்றுக்கும் மேல் படம் எடுத்து அனுப்பிய இடத்தைத் தாண்டித்தான் அந்தப் பேச்சாளரும் வந்திருக்கிறார். அப்போது எலுமிச்சம்பழத்தைத் தேடிக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

வெளியே மூடுபனி. அங்கே ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். பக்கத்தில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். இவர் அதையெல்லாம் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில், "ஏம்மா, கூட்டம் வராம இருக்கறதுக்கு ஏதாவது மார்க்கெட்டிங் இருக்கா?" என்றார்.

கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் ஒரு வாரம் பத்து நாளில் காப்பிச் செடி மொத்தமாகப் பூக்கும். கிளை முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த நாட்களில்தான் காய் பிடிக்கும், செடியை அசைக்கக் கூடாது. போன வருடம் யாரோ இடத்தின் பெயரோடு ரீல் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலியைத் தாண்டி ஆட்கள் புகுந்து, பூத்த கிளையை உலுக்கி, தலையில் பூ கொட்டுவதை மெதுவாக ஓடவிட்டு எடுத்திருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தட்டுவடை அக்கா முகம்தான் வந்துபோனது. அந்த ரீலை நான் பார்த்திருந்தேன். லைக்கும் போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவருக்கு வேண்டியது, மாதா மாதம் பொடி வாங்கும் வீடுகள். ஐம்பது போதும், அதற்கு மேல் வறுத்து அரைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப ப்ராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் அனுப்புகிறவரின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போய்ச்சேரும். மார்க்கெட்டிங் ஆட்கள் இதைப் பெரிய குறையாகப் புலம்புவார்கள். நானும் புலம்பியிருக்கிறேன். அவருக்கு அது சல்லடை. எண்ணைச் சேமிக்கக்கூடச் சோம்பல்படுகிறவர் பொடி வாங்கமாட்டார் என்றார்.

இப்போது அவர் பட்டியலில் நாற்பத்து மூன்று வீடுகள். டயர் அண்ணன் வீடு ஒன்று. கொலுசுப் பெரியவர் சிக்கரி இல்லாமல் குடிக்க முடியாது என்று சொல்லி விலகிவிட்டார். மேசையில் உட்காரும்போது நான் இப்போது இரண்டு கேள்விதான் கேட்கிறேன். உங்களுக்கு எத்தனை பேர் வந்தால் போதும்? யார் வரக் கூடாது? சிலர் முறைக்கிறார்கள். எல்லோரும் வரட்டும் என்று சொல்பவர்களை என் தொழில்காரர்கள் யாரிடமாவது அனுப்பிவிடுகிறேன். அவர்களும் பிழைக்க வேண்டுமே.

இந்த வருடம் மார்ச் கடைசியில் தோட்டக்காரரிடமிருந்து ஒரு வரி வந்தது. 'நேற்று ராத்திரி நல்ல மழை. அடுத்த வாரம் வந்தால் பார்க்கலாம். நீங்கள் மட்டும்.'

போனேன், பார்த்தேன். வழி கேட்டு யாரும் மெசேஜ் பண்ண வேண்டாம்.